சத்திரசிகிச்சையைத் தமிழில் சொன்னவர்: மானிப்பாய் கிறீனின் வாழ்வும் எங்கள் நோயாளிகளும்

அமெரிக்காவில் பிறந்த ஒரு வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, சத்திரசிகிச்சை பற்றிய ஒரு முழு நூலைத் தமிழில் கொண்டுவந்தார். நூலின் பெயர் இரண வைத்தியம். ஆண்டு 1867. அவருடைய பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடந்து போகாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. அந்தக் கிறீன் யார் என்று கேட்டால், தமிழில் மருத்துவம் படிப்பித்த வெள்ளைக்காரர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் பலருக்குத் தெரியாது.

கலைச்சொல்லாக்கத்தின் முன்னோடி என்ற வகையில் தமிழறிஞர்கள் அவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் அவரை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். போர் முடிந்த பிறகு சில வருடங்கள், வன்னியில் காயப்பட்டவர்களை வைத்தியசாலைகளுக்குக் கூட்டிச்செல்லும் வேலையைச் செய்தேன். சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்தபடியால், வைத்தியர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை வைத்தியருக்கும் மாற்றிச் சொல்வதுதான் பெரும்பாலும் என் வேலை. வயிற்றில் செல் துண்டு பட்டவர்கள், குடலிறக்கத்தோடு வருடக்கணக்காக மண்வெட்டி பிடித்தவர்கள், மூலத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டவர்கள் என்று பலருடைய கட்டில் ஓரங்களில் நின்றிருக்கிறேன். கிறீன் ஏன் அப்படி உழைத்தார் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

வூஸ்ரரிலிருந்து மானிப்பாய்க்கு

கிறீன் 1822 ஒக்ரோபர் 10ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. அவருடைய அண்ணன் அன்ட்ரூ பிற்காலத்தில் நியூயோர்க்கின் சென்றல் பார்க் உருவாவதற்குப் பாடுபட்டு, அந்த நகரத்தின் வரலாற்றில் பெயர் பதித்தவர். தம்பி சாமுவேல் நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். இரண்டு வருடங்களில் அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. 1847 ஒக்ரோபரில் அவர் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணி இங்கே அவரோடு தொடங்கவில்லை. ஜோன் ஸ்கடர் 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். அடுத்த வருடம் மானிப்பாய்க்கு மாறினார். அதன் பிறகு அவருடைய ஊர் மானிப்பாய்தான்.

அவர் கற்றுவந்த சத்திரசிகிச்சை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். அவர் பட்டம் பெற்ற 1845இல் நோயாளிக்கு மயக்க மருந்து என்ற ஒன்று வழக்கத்தில் இல்லை. நாலு பேர் பிடித்துக்கொள்ள, நோயாளி கத்தக் கத்தத்தான் வெட்டினார்கள். 1846 ஒக்ரோபரில்தான் அவருடைய ஊருக்குப் பக்கத்து நகரமான பொஸ்ரனில், ஈதர் ஆவியை மணக்கச் செய்து ஒருவரை மயக்கி, கழுத்திலிருந்த கட்டியை வலியில்லாமல் அகற்றிக் காட்டினார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் காலடி வைத்த அடுத்த மாதம், எடின்பரோவிலிருந்து குளோரோபோம் பற்றிய செய்தி வெளிவந்தது. கிருமிதான் காயத்தைப் புழுக்க வைக்கிறது என்பதோ அப்போது எவருக்கும் தெரியாது. காயத்தைக் காபோலிக் அமிலத்தால் கழுவி மூடவேண்டும் என்று லிஸ்ரர் எழுதியது 1867இல். இரண வைத்தியம் தமிழில் வந்த அதே வருடம்.

எனவே அந்தக் காலத்து வைத்தியர் செய்யத் துணிந்தவை குறைவு. பனையிலிருந்து விழுந்தவரின் உடைந்த எலும்பு, அழுகிய காலை எடுத்துவிடுவது, கட்டிகளை வெட்டுவது, கண்ணில் வெண்புரை, சீழ்க்கட்டியைத் திறந்துவிடுவது என்று உடம்பின் வெளிப்புறத்திலேயே பெரும்பாலான வேலைகள் நின்றன. வயிற்றைத் திறப்பது அரிது. திறந்தால் பிழைப்பது அதைவிட அரிது.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரில் நிற்கவில்லை

மானிப்பாய்க்கு வந்த 1848ஆம் ஆண்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்களுக்குக் கிறீன் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். படிப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவர்கள் கெட்டிக்காரராகவும் வந்தார்கள். ஆனால் படித்து முடித்ததும் நல்ல சம்பளத்தோடு அரசாங்க உத்தியோகம் தென்பகுதியிலும் தோட்டப் பகுதிகளிலும் காத்திருந்தது. ஆங்கிலம் தெரிந்த வைத்தியனுக்கு மானிப்பாயிலோ அளவெட்டியிலோ இருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கிராமத்துக்கென்று பயிற்றியவர்கள் கிராமத்தை விட்டுப் போனார்கள்.

1850களின் கடைசியில் கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். 1862இல் மார்கிரட் வில்லியம்ஸைத் திருமணம் செய்து, அதே வருடம் மனைவியோடு மறுபடியும் வந்தார். இந்த இரண்டாவது வருகையில் அவர் ஒரு முடிவோடு இருந்தார். மருத்துவத்தை முழுமையாகத் தமிழில் படிப்பிப்பது. 1864ஆம் ஆண்டளவில் தமிழ் வகுப்பு தொடங்கியது.

ஊரில் இதற்கு மாலை போட்டு வரவேற்பு நடக்கவில்லை. தமிழில் படித்தால் அரசாங்க வேலை கிடைக்குமா என்பது மாணவர்களின் கவலை. அது நியாயமான கவலையும்கூட. ஆனால் கிறீனின் கணக்கு வேறு. தமிழில் படித்தவன் தமிழ்ச் சனங்களுக்குள்ளேயே இருப்பான். நோயாளியிடம் அவருடைய சொல்லிலேயே கேட்பான். அவருக்கு விளங்கும் சொல்லிலேயே பதில் சொல்வான். அவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றார்கள்.

நூல்கள் வந்த கதை

படிப்பிப்பதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொற்கள் வேண்டும். கற்றரின் உடற்கூற்று நூல் 1852இலேயே தமிழில் வந்துவிட்டது. 1857இல் பிரசவ வைத்தியம். 1867இல், ஆங்கிலேய வைத்தியர் டுருயிற்றின் சத்திரசிகிச்சைக் கைந்நூலைத் தழுவிய இரண வைத்தியம். 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும். 1875இல் கெமிஸ்தம். 1883இல் மனுஷ சுகரணம். இவற்றைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. அவருடைய மாணவர்களான எங்கள் ஊர் இளைஞர்கள் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தார்கள். அவர் ஒப்பிட்டுத் திருத்தினார்.

சொற்களைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் சமஸ்கிருதம். அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதுவது. கெமிஸ்தம் என்ற தலைப்பு இந்த மூன்றாவது வழியில் வந்தது. இரணம் என்றால் காயம். சத்திரசிகிச்சை நூலுக்கு அவர்கள் வைத்த பெயரில் கத்தியோ வெட்டோ இல்லை. காயத்துக்கான வைத்தியம் என்றே இருக்கிறது. நோயாளி எங்கிருந்து அதைப் பார்ப்பாரோ, பெயரும் அங்கிருந்தே வந்திருக்கிறது.

மூலம், பவுத்திரம் போன்ற சொற்கள் அவர் வருவதற்கு முன்பே எங்கள் பரியாரிமாரிடம் இருந்தன. இன்றைக்கும் எனக்குக் கட்டில் ஓரத்தில் உதவியவை அந்தச் சொற்கள்தான். பிஸ்ரியுலா என்றால் விழிக்கும் ஒருவர், பவுத்திரம் என்றால் உடனே தலையாட்டுவார். ஆசனவாய்க்குப் பக்கத்தில் வந்த சீழ்க்கட்டி உடைந்து, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு சுரங்கம்போல வழி உண்டாகி விடுவதுதான் பவுத்திரம். அந்த வழியைத் திறந்துவிடுவார்கள், அல்லது அதற்குள் ஒரு நூலைப் போட்டு விடுவார்கள். புண்ணைத் தைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று பலர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். அது உள்ளேயிருந்து ஆறி வரவேண்டும், மேலே தைத்தால் மறுபடி சீழ் கட்டும் என்று சொன்ன பிறகுதான் கோபம் தணியும். இரண்டு வசனம்தான். அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

மூலமும் அப்படித்தான். இரத்தம் போனால் எல்லாம் மூலம் என்று நினைத்து வருடக்கணக்காகக் கைமருந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப மூலத்துக்கு நார்ச்சத்துள்ள சாப்பாடு, தண்ணீர், முக்காமல் மலம் கழிப்பது என்பனவே பெரும்பாலும் போதும். அடுத்த கட்டத்தில் சிறிய றப்பர் வளையம் போடுவார்கள். பெரிதானால்தான் வெட்டுவது. ஆனால் இரத்தம் போவது குடல் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். மலப் பழக்கம் மாறியிருந்தால், உடம்பு மெலிந்தால், வயது 50ஐத் தாண்டியிருந்தால், உள்ளே கமெரா விட்டுப் பார்க்கும் கொலொனொஸ்கோப்பி பரிசோதனையை வெட்கத்தால் தட்டிக்கழிக்கக் கூடாது.

கிறீன் காணாத சத்திரசிகிச்சைகள்

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். 1884 மே 28ஆம் திகதி பிறந்த ஊரிலேயே காலமானார். வயது 61. இன்றைக்கு ஆதார வைத்தியசாலைகளில்கூட நாளாந்தம் நடக்கும் சில சத்திரசிகிச்சைகள், அவர் கண்ணை மூடிய சிறிது காலத்திலேயே உருவாகின என்பது யோசிக்க வைக்கிறது.

குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தால் குடல் வெளியே தள்ளுவது. அதை அடுக்கடுக்காகத் தைத்துச் சீராக்கும் நம்பகமான முறையை இத்தாலியின் பசினி 1884 டிசம்பரில் முதன்முதலாகச் செய்து பார்த்தார். கிறீன் இறந்து ஏழு மாதம். இப்போது அந்த இடத்தில் ஒரு வலையை வைத்துத் தைக்கிறார்கள். படுத்தால் உள்ளே போகும் குடலிறக்கம் அவசரமில்லை. அது உள்ளே போகாமல் இறுகி, நோவும் சத்தியும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாட்டிக்கொண்ட குடல் சில மணித்தியாலங்களில் அழுகத் தொடங்கிவிடும்.

குடல்வால் அழற்சி என்ற நோய்க்கு அப்பென்டிசைற்றிஸ் என்று பெயர் வைத்து, ஆரம்பத்திலேயே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று பொஸ்ரன் வைத்தியர் பிற்ஸ் சொன்னது 1886இல். தொப்புளைச் சுற்றித் தொடங்கி, வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் நோவுதான் அதன் வழமையான அடையாளம். கிறீனின் மாணவர்கள் இப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்து, ஒத்தடம் கொடுத்து, ஒன்றும் செய்ய இயலாமல் நின்றிருப்பார்களோ.

பெருங்குடலின் நோயுற்ற பகுதியை வெட்டி, மேல்முனையை வயிற்றின் வழியாக வெளியே கொண்டுவந்து, கீழ்முனையைத் தைத்து உள்ளே விடும் முறையை பரிஸ் நகரத்து ஹார்ற்மான் 1921இல் அறிவித்தார். அவர் அதைப் புற்றுநோய்க்காகச் செய்தார். குடலை வெளியே எடுத்துவிடும் இந்த வகைச் சிகிச்சை இரண்டாம் உலகப் போரில் குடற்காயங்களுக்கு வழமையாயிற்று. கிழிந்த குடலை அழுக்கான காயத்துக்குள் தைத்தால் தையல் பிரியும், மலம் வயிற்றுக்குள் கொட்டும், ஆள் தப்பமாட்டார். முதலில் உயிரைக் காப்பாற்று, குடலைப் பிறகு பொருத்தலாம் என்பதே அதன் தத்துவம்.

இந்தச் சிகிச்சை எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விடயம் அல்ல. புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் தறப்பாள்களுக்குக் கீழும் இயங்கிய வைத்தியசாலைகளில், மருந்தும் இரத்தமும் இல்லாத நிலையில், பலருடைய உயிர் இப்படித்தான் மிஞ்சியது. அதைச் செய்தவர்களை நாங்கள் கையெடுத்துக் கும்பிடவேண்டும்.

வயிற்றில் பையோடு ஏழு வருடம்

நான் கூட்டிச்சென்றவர்களில் முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். 2009இன் தொடக்கத்தில் வயிற்றில் செல் துண்டு பட்டு, குடலை வெளியே எடுத்துப் பை போட்டிருந்தார்கள். முகாமுக்குப் போனார், மீளக் குடியேறினார், பையும் கூடவே போனது. முறையான பை கிடைக்காத நாட்களில் சொப்பிங் பையைக் கட்டிச் சமாளித்தார். மணக்கும் என்ற பயத்தில் பஸ் ஏறமாட்டார். கோயிலுக்குப் போகமாட்டார். மகளின் பள்ளிக்கூடப் படலையைக்கூட மிதித்ததில்லை.

ஏழு வருடம் கழித்து, முதுகில் இருந்த வேறொரு துண்டுக்காக அவரைக் கூட்டிப்போனபோது, அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பையை ஏன் இன்னும் மூடவில்லை என்பதுதான். அண்ணைக்கு நான் அதை மாற்றிச் சொன்னபோது அவர் பேசவில்லை. இது மூடக்கூடியது என்று அவருக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை. இடையில் அவர் போய்வந்த இன்னொரு வைத்தியசாலை கொடுத்த துண்டில், சில மாதங்களில் மூடுவதற்கு வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவர் பொலித்தீனுக்குள் வைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். வாசிக்கத்தான் தெரியாது.

கீழ்க்குடல் நன்றாக இருக்கிறதா என்று மருந்து ஏற்றி எக்ஸ்றே எடுத்தார்கள். உள்ளே கமெரா விட்டுப் பார்த்தார்கள். ஏழு வருடம் வேலை செய்யாத குடல் சுருங்கியிருந்தது. சத்திரசிகிச்சை இலேசாக இருக்கவில்லை. ஆனாலும் மூடினார்கள். அடுத்த வைகாசியில் அண்ணை வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பஸ்ஸில் போனார் என்று அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எல்லோருக்கும் மூடமுடியாது. மலக்குடலே இல்லாமல் போனவர்களுக்கும், இறுக்கிப்பிடிக்கும் தசை அழிந்துபோனவர்களுக்கும் பை நிரந்தரமாகலாம். அதற்கும் முறையான பையும் தோலைப் பாதுகாக்கும் வழிகளும் உண்டு, மனிதர் சாதாரணமாக வேலை செய்து வாழலாம். ஆனால் தன்னுடைய பை தற்காலிகமானதா நிரந்தரமானதா என்பதை அறியும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. அண்ணை ஏழு வருடத்தை இழந்தது கத்தியால் அல்ல, மொழியால்.

கிறீனின் குறையும் நிறையும்

கிறீனைச் சாமியாக்கவேண்டிய தேவை எனக்கு இல்லை. அவர் மதம் பரப்ப வந்தவர். மருந்தோடு பிரசங்கமும் வந்தது. சைவர்கள் அதை எதிர்த்ததற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. அவருடைய நூல்களின் தமிழில் சமஸ்கிருதம் தூக்கலாக இருக்கிறது. இன்றைக்கு வாசிப்பவருக்கு அது இலேசில் இறங்காது. அவர் போன சில வருடங்களில் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நின்றுபோனது. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் படிப்பித்தது. உத்தியோகமும் அங்கேதான் இருந்தது.

ஆனாலும் அமெரிக்காவுக்குப் போன பிறகும் அவர் தமிழ் நூல் வேலையை விடவில்லை. மனுஷ சுகரணம் வெளிவந்தபோது அவர் வூஸ்ரரில் இருந்தார். அடுத்த வருடமே இறந்தார். தனக்குக் கல்லறைக் கல் வைத்தால், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவன் என்று அதில் இருக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

இன்றைக்கு மருத்துவத்தைத் தமிழில் படிப்பிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வேறு விவாதம். நோயாளிக்கு அவருடைய உடம்பைப் பற்றித் தமிழில் சொல்லவேண்டும் என்பதே என் கோரிக்கை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அது வாட்டுக்குள்ளும் வரவேண்டும்.

அதுவரைக்கும், சத்திரசிகிச்சைக்குப் போகும் எங்கள் சனங்கள் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். எனக்கு என்ன வருத்தம்? எதை வெட்டப் போகிறீர்கள், எதை வைக்கப் போகிறீர்கள்? செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? பை போட்டால் அது மூடக்கூடியதா, எப்போது வரவேண்டும்? வீட்டுக்குப் போன பிறகு எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும்? விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்கமுன், தமிழ் தெரிந்த ஒரு தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். வீட்டில் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பழைய துண்டுகள் இருந்தால், அவற்றையும் எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.